குளிர்கால மலைப்பாதை ஓட்டம், இரண்டு நாள் தொடர்ச்சியாக: சனி ராத்திரி சைக்கிளுக்கு என்ன செய்யணும்?

#1 வழுக்குப்பாறை

வணக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டம், மொத்தம் ஆறு பேர். காலையில் 0 டிகிரி பக்கம் இருக்கும், மதியம் 5, 6 வரை ஏறும். மண் ஈரம், நிழல் பக்கம் உறைந்தும் கிடக்கும். ஐந்து சைக்கிள் 29 அங்குலம், ட்யூப்லெஸ் (ட்யூப் இல்லாத டயர்), ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 12 வேகம் (பின்னால் 12 பல்சக்கரம்). அதில் ஒன்றில் ஒயர் இல்லாத மின்னணு கியர். ஆறாவது மின்சைக்கிள். கூட்டத்தில் ஒருத்தர் சர்வீஸ் பட்டறை, இன்னொருத்தர் உதிரிபாக மொத்த வியாபாரம், அதனால் ஸ்டாண்டு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு எல்லாம் கூடவே வரும். தங்கும் இடத்தில் குழாய் மட்டும் கிடையாது, வாளித் தண்ணீர்தான்.

கிளம்பும் முன் என்ன பார்க்கணும், காற்று எவ்வளவு, ராத்திரி என்ன செய்தால் ஞாயிறு காலை வண்டி மக்கர் பண்ணாது, பொதுவாக என்ன உதிரி எடுக்கணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

#2 பட்டறைவாசல்

தம்பி, முக்கியமானதை முதலில் சொல்லிடறேன். குளிர்கால வார இறுதியில் சைக்கிள் கெடுவது பெரும்பாலும் ஓட்டத்தில் இல்லை. சனி சாயங்காலம் நிறுத்தியதில் இருந்து ஞாயிறு காலை எடுக்கிற வரைக்கும் உள்ள பதினாலு மணி நேரத்தில்தான். ஈரமும் மணலும் சேர்ந்து அப்படியே கிடக்கும், ராத்திரி உறையும், செயின் துருப்பிடிக்கும், பிரேக் காலிப்பரில் பேடைத் தள்ளற பிஸ்டன் ஒட்டிக்கும். ராத்திரி வேலையைப் பற்றித் தனியா எழுதறேன். முதலில் கிளம்பும் முன்.

வியாழனுக்குள் பார்த்து முடிச்சிடுங்க. வெள்ளி ராத்திரி எதையும் பிரிக்காதீங்க, உதிரி இல்லைன்னு தெரியும்போது கடை மூடியிருக்கும்.

செயின் தேய்மானம்: 12 வேகச் செயினைப் பட்டறைகள் பொதுவா 0.5 சதவீத நீட்சியில் மாத்தும். அளவுகோல் இருந்தா பின் நடுவில் இருந்து பின் நடுவுக்கு 12 அங்குலம் அளங்க. பின் 1/16 அங்குலம் தள்ளி நின்னா 0.5 சதவீதம். இதில் ஒரு விஷயம்: 0.75 தாண்டிப்போன செயின்னா கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) கூடவே தேய்ஞ்சிருக்கும். அதில் புதுச் செயின் போட்டா ஏற்றத்தில் பல்லு தாவும். அந்த ஜோடியை இந்த இரண்டு நாளும் ஓட்டியே தீர்த்துட்டு, திங்கட்கிழமை இரண்டையும் சேர்த்து மாத்துங்க. புதுச் செயினை இந்த மணல் சேற்றில் இறக்குவதே வீண்.

சீலன்ட் (டயருக்குள் ஓட்டையை அடைக்கற திரவம்): சக்கரத்தைக் கழற்றிக் குலுக்கினா சளசளன்னு கேக்கணும். கேக்கலைன்னா காய்ஞ்சு போச்சு. 29க்கு 2.4 அங்குல டயருக்கு 100 முதல் 120 மி.லி. வேணும். வால்வின் உள்பாகமான கோரைக் கழற்றிச் சிரிஞ்சில் ஊத்துங்க. கோரிலேயே ரப்பர் அடைச்சிருந்தா மாத்திடுங்க, குத்திச் சுத்தம் பண்ணி மாளாது. எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்னு பாட்டிலில் போட்டிருக்கும், படிச்சிடுங்க.

ஃப்ரீஹப் (மிதிச்சா சக்கரத்தைப் பிடிச்சு, நிறுத்தினா விட்டுடற பின் ஹப் பாகம்): உள்ளே பிடிக்கற சின்னக் கொக்கி (pawl) உள்ள ஹப்பில் கெட்டியான கிரீஸ் போட்டிருந்தா குளிரில் அது மெழுகு மாதிரி இறுகிக் கொக்கியைப் பிடிச்சுக்கும். மிதிச்சா வெறுமனே சுத்தும், சில சமயம் பாதி மிதியில் வழுக்கி முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும். கொக்கிக்கு லேசான கிரீஸ், இல்லைன்னா கெட்டி எண்ணெய், அதுவும் மெல்லிசாப் பூசினா போதும். கொக்கிக்குப் பதில் பல்வளையம் உள்ள ராட்செட் வகைக்கு அந்தக் கம்பெனி சொல்ற கிரீஸ் மட்டும்.

#3 சக்கரம்29

காற்று விஷயம். வீட்டுக்குள் 20 டிகிரியில் அடித்துவிட்டு 0 டிகிரியில் இறங்கினால் கேஜ் காட்டும் அளவு குறையும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். கேஜ் அளவோடு வளிமண்டலத்தின் 14.7 பிஎஸ்ஐயை (அழுத்த அலகு) கூட்டுங்கள், கெல்வின் விகிதத்தால் பெருக்குங்கள் (273ஐ 293ஆல் வகுத்தது), பிறகு 14.7ஐக் கழியுங்கள்.

வீட்டில் 25 என்றால் வெளியே 22.3. வீட்டில் 21 என்றால் வெளியே 18.6. கசிவே இல்லாமல் இரண்டரை பிஎஸ்ஐ போய்விடுகிறது. சேற்றுக்கு ஏற்கெனவே 2 குறைத்து வைத்தவர் இதையும் சேர்த்து 4, 5 குறைவாக ஓட்டுவார். கல்லில் ரிம் இடிக்கும், வளைவில் டயர் ஓரம் மடங்கிக் காற்றைத் துப்பும்.

வெளியே பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிட்டு, அங்கேயே அளந்து அடிப்பது உத்தமம். எல்லோரும் ஒரே கேஜில் அளங்கள். இரண்டு கேஜ் ஒத்துப்போனதாகச் சரித்திரம் கிடையாது.

#4 ஈரமண்

சக்கரம் சொல்ற கணக்கு சரி. ஆனா ஒரே எண்ணைப் பிடிச்சுத் தொங்காதீங்க. காலையில் உறைஞ்ச மண்ணு சிமெண்ட் தரை மாதிரி, அதில் ரொம்பக் குறைச்சு ஓட்டினா ரிம்முக்கு ஆபத்து. பதினோரு மணிக்கு மேலே மேல்மண்ணு இளகும், அடிமண்ணு உறைஞ்சே இருக்கும். தண்ணி கீழே இறங்க வழியில்லாம மேலே ஒரு விரக்கடை கூழு நிக்கும். வழுக்குறதில் அதுதான் முதலிடம். அப்போ முன்சக்கரத்தில் 1, 2 பிஎஸ்ஐ குறைக்கலாம். பின்னாடி குறைக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், அந்தக் கூழில் டயர் போட்ட தடத்தைப் பாருங்க. திரும்பிப் பார்த்தா ஒரு அங்குலம் ஆழத்துக்குக் கோடு விழுந்திருக்குன்னா அந்தப் பாதை அன்னைக்கு ஓட்டுற நிலையில் இல்லை. அந்தக் கோட்டில்தான் அடுத்த மழைத்தண்ணி ஓடி மண்ணை அரிக்கும். மண்பாதையை விடியற்காலையில் உறைநிலையில் முடிச்சிட்டு, மதியத்துக்கு மேலே பாறைப்பாதை, சரளைப்பாதைக்கு மாறிக்குங்க. குட்டை வந்தா நடுவிலேயே போங்க. ஓரமா ஒதுங்கி ஒதுங்கித்தான் ஒத்தையடிப் பாதை வண்டித்தடமா ஆகிப்போகுது.

#5 கிளிக்_எண்ணி

சக்கரம்29 சொன்ன அதே சூத்திரம் காற்று நிரப்பிய ஃபோர்க்குக்கும் (முன் அதிர்வுதாங்கி) பின் ஷாக்குக்கும் பொருந்தும். அங்கே அழுத்தம் அதிகம் என்பதால் குறைவும் அதிகம். ஃபோர்க்கில் வீட்டில் 80 என்றால் 0 டிகிரியில் 73.5. பின் ஷாக்கில் 180 என்றால் சுமார் 167. ‘குளிர்காலத்தில் ஃபோர்க் முங்குகிறது, சீல் போய்விட்டதா’ என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்குப் பதில் இதுதான்.

சேக் அளவை (ஏறி உட்கார்ந்ததும் அதிர்வுதாங்கி அமுங்கும் அளவு) வெளியே, ஜாக்கெட், பை, தண்ணீர் எல்லாம் மாட்டிக்கொண்டு பாருங்கள். ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம், பின்னால் 25 முதல் 30. 160 மி.மீ. ஃபோர்க்கில் 20 சதவீதம் என்றால் 32 மி.மீ. காற்று ஏற்றிய பிறகு ஃபோர்க்கைப் பத்துத் தடவை அமுக்கி விடுங்கள், உள்ளே எதிர்ப்பக்கம் தள்ளும் நெகட்டிவ் காற்றறையும் சமமாகட்டும், பிறகு மறுபடி அளங்கள். பம்பைக் கழற்றும்போது கேட்கும் ‘புஸ்’ பம்புக் குழாயில் இருந்த காற்று, ஃபோர்க்கில் இருந்தது இல்லை. அதற்குப் பயந்து 5 பிஎஸ்ஐ கூடுதலாக ஏற்றுபவர்கள் நிறையப் பேர்.

அசைவை மட்டுப்படுத்தும் டேம்பர் எண்ணெயும் குளிரில் தடிக்கும். ரீபவுண்ட் (அமுங்கியது மறுபடி எழுவது) மந்தமாகும், அடுத்தடுத்த கல்லில் ஃபோர்க் எழுவதற்குள் மறுபடி அமுங்கும். ஒன்றிரண்டு கிளிக் வேகப் பக்கம் திருப்புங்கள். எத்தனை கிளிக் என்று டேப்பில் எழுதி ஃபோர்க்கில் ஒட்டிவிட்டால் வெயில் காலத்தில் பழைய இடத்துக்குத் திரும்ப வசதி. கம்ப்ரெஷனை (அமுங்குவதைத் தடுக்கும் திருகை) முழுக்கத் திறந்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

ஃபோர்க்கின் கீழ்க்கால் சர்வீஸ் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. நெருங்கியிருந்தால் முன்பே செய்துவிடுங்கள். எண்ணெய் அளவு மாடலுக்கு மாடல் மாறும், இடது வலது கால்களுக்கே வெவ்வேறு. கையேட்டைப் பார்க்காமல் ஊற்ற வேண்டாம்.

#6 சரக்கறை

பிரேக் பேட் பற்றி யாருமே எழுதலையே. ஈர மணலில் ரெசின் (பிசின் கலவை) பேட் கரையற வேகம் பார்த்தா பயமா இருக்கும். பாதித் தேய்ஞ்ச பேடோட சனிக்கிழமை கிளம்பினா ஞாயித்துக்கிழமை இரும்புத் தகடு டிஸ்க்கை உரசும். ஷிமானோ கம்பெனி பேடில் உராய்வுப் பொருள் 0.5 மி.மீ. வந்தாலே மாத்தணும். ஸ்ராம் கம்பெனி பேடில் தகட்டோட சேர்த்து மொத்தம் 3 மி.மீ.

சின்டர்டு (உலோகத்தூள்) பேட் ஈரத்துக்கு நல்லாத் தாங்கும், ஆனா கத்தும், முதல் பிடியில் கொஞ்சம் மொண்ணை. போடறதுக்கு முன்னால டிஸ்க்கில் எழுதியிருக்கறதைப் பாருங்க. ‘ரெசின் பேட் மட்டும்’ன்னு பொறிச்ச டிஸ்க்கில் சின்டர்டு போட்டா டிஸ்க் சீக்கிரம் மெலிஞ்சிடும். டிஸ்க் தடிமனும் அளங்க. ஷிமானோவில் புதுசு 1.8, கழிக்கற அளவு 1.5 மி.மீ.

புதுப் பேட்னா படிய வைக்காம சேற்றில் இறக்காதீங்க. சமதரையில் 20, 25 கி.மீ. வேகத்தில் இருந்து நடைவேகம் வரைக்கும், சக்கரம் பூட்டாம, சீரா ஒரு இருபது முப்பது தடவை. பாதையில் வச்சு மாத்தினா இந்த வாய்ப்பு கிடைக்காது. அதனால் உதிரியா எடுத்துட்டுப் போற பேடையும் ஒருதடவை மாட்டிப் படிய வச்சுக் கழற்றி, எது எந்தப் பக்கம்னு குறிச்சு எடுத்துட்டுப் போங்க.

#7 சக்கரம்29

@சரக்கறை, எல்லோருக்கும் சின்டர்டு என்று சொல்ல முடியாது. எடை குறைந்தவர், மெதுவாக இறங்குபவர் என்றால் சின்டர்டு சூடேறவே மாட்டேன் என்கிறது, சோப்பில் பிடித்த மாதிரி இருக்கும். முன்னால் ரெசின், பின்னால் சின்டர்டு என்று கலந்து போடலாம். குளிர்காலத்தில் பின் பேட்தான் முதலில் தீரும், பின்சக்கரம் வாரி இறைக்கும் மணலெல்லாம் அந்தக் காலிப்பரில்தான் அடைகிறது.

#8 சரக்கறை

ஒத்துக்கறேன். கலந்து போடறது நல்ல யோசனை.

#9 வழுக்குப்பாறை

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: இரண்டு பேர் மெழுகில் முக்கின செயின் வச்சிருக்காங்க. அதையே ஓட்டலாமா, இல்லை ஈரத்துக்கான எண்ணெயா?

#10 பட்டறைவாசல்

மெழுகு காய்ஞ்ச மண்ணுக்கு ராஜா. தண்ணி ஓடை இரண்டு தாண்டினா போச்சு, சாயங்காலம் கீச்சிடும், காலையில் வெளித்தகடு செம்மண் நிறத்தில் இருக்கும். இதுக்கு இரண்டு வழிதான். ஒண்ணு, மெழுகு முக்கின செயின் இரண்டு எடுத்துட்டுப் போய் நாளுக்கு ஒண்ணு மாட்டறது. அப்போ செயினை இணைக்கற கண்ணியான குவிக்லிங்க்கும் இரண்டு வேணும், ஏன்னா 12 வேக குவிக்லிங்க்கை ஷிமானோவும் ஸ்ராமும் ஒருதடவை மாட்டறதுக்குன்னுதான் சொல்றாங்க. இன்னொண்ணு, மெழுகைச் சுத்தமா எடுத்துட்டு ஈர எண்ணெய்க்கு மாறறது. மெழுகு மேலேயே எண்ணெய் விடறது மட்டும் கூடாது. இரண்டும் சேர்ந்து பசையாகி மணலைப் பிடிச்சு வச்சுக்கும்.

இப்போ ராத்திரி வேலை. ஒரு சைக்கிளுக்கு இருபது நிமிஷம்.

இரண்டு வாளி, இரண்டு பிரஷ், மூணு துணி. ஒரு வாளி ஃபிரேமுக்கு, ஒண்ணு செயின் பக்கத்துக்கு. மாத்தி முக்கினா எண்ணெய் டிஸ்க்குக்குப் போகும். சேறு காயறதுக்கு முன்னாடி கழுவுங்க, காய்ஞ்சா தேய்க்க வேண்டிவரும், தேய்ச்சா கோடு விழும். மேலே இருந்து கீழே தண்ணியைக் குவளையில் மொண்டு ஊத்துங்க. குழாய் இல்லைன்னு கவலைப்பட வேண்டாம், நல்லதுதான். அழுத்தக் குழாய் இருந்தா எல்லாரும் ஹப், ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பற பேரிங்), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு), பிவட்டு (பின் ஃபிரேம் மூட்டு) எல்லாத்துக்கும் நேரா அடிப்பாங்க. ரப்பர் சீல் மேலே இருந்து தெறிக்கற தண்ணியைத் தடுக்கும், நேரா வர்ற அழுத்தத்தைத் தடுக்காது.

கழுவினதும் சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்தி இரண்டு தடவை லேசாத் தட்டுங்க. செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போற கீழ்க்குழாய்) துளை வழியாத் தண்ணி வடியும். சீட்குழாய் வழியா இறங்கின தண்ணி பாட்டம் பிராக்கெட் கூட்டில் நிக்கும். அடியில் வடிகால் துளை இருந்தா அது அடைஞ்சிருக்கான்னு குத்திப் பாருங்க.

அடுத்து செயின். காய்ஞ்ச துணியில் பிடிச்சுப் பெடலைப் பின்னாடி சுத்துங்க. துணியில் ஈரம் படறது நிக்கற வரைக்கும், சுமார் முப்பது சுத்து. அப்புறம் உருளை ஒண்ணுக்கு ஒரு சொட்டு, செயினோட உள்பக்கத்தில். குவிக்லிங்க்கில் ஆரம்பிச்சுக் குவிக்லிங்க்கில் முடிங்க. ராத்திரியே விடணும், காலையில் இல்லை. உருளைக்கும் பின்னுக்கும் நடுவில் இறங்க நேரம் வேணும். காலையில் வெளிப்பக்கம் மட்டும் துடைச்சு எடுங்க, வெளியே நிக்கற எண்ணெய் மணலைச் சேர்க்கத்தான் உதவும். தெளிப்பு டப்பா வேண்டவே வேண்டாம், காத்தில் பறந்து பேடில் உக்காரும்.

காலிப்பர்: லீவர் மந்தமாத் திரும்புதா, டிஸ்க் ஒரு பக்கம் உரசுதா? பிஸ்டன் ஓரத்தில் சேறு உலர்ந்திருக்கு. சக்கரத்தையும் பேடையும் கழற்றி லீவரை மெதுவா அமுக்கிப் பிஸ்டனை 2 மி.மீ. வெளியே விடுங்க, அதுக்கு மேலே வேண்டாம், பிஸ்டனே கழன்று வந்துடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காது பஞ்சால் சுத்தித் துடைங்க. அதே பிரேக்கின் திரவம் ஒரு துளி தொட்டுப் பூசுங்க. பிளாஸ்டிக் டயர் லீவரால் நேரா உள்ளே தள்ளுங்க. மறுபடி ஆல்கஹாலில் துடைச்சிட்டுப் பேடை மாட்டுங்க. மினரல் ஆயில் பிரேக்குக்கு மினரல் ஆயில், டாட் (DOT) திரவ பிரேக்குக்கு டாட். மாறினா சீல் உப்பிப் பிரேக்கே போகும். டாட் பெயிண்டையும் தின்னும், சிந்தினா உடனே தண்ணியில் கழுவுங்க.

கடைசியா ஃபோர்க் கால், ஷாக் தண்டு, டிராப்பர் (ஏறி இறங்கற சீட்கம்பி) மூணையும் மெத்துனு இருக்கற துணியால் துடைங்க. டிராப்பரை ஏத்தி வச்சே நிறுத்துங்க. வெளியே நிறுத்தினா காலையில் டிஸ்க்கும் பேடும் பனியில் ஒட்டியிருக்கும், முரட்டுத்தனமா இழுக்காம சக்கரத்தை முன்னும் பின்னும் அசைச்சு விடுவிங்க. உள்ளே வைக்க இடம் இருந்தா இந்தப் பேச்சே இல்லை.

#11 ஈரமண்

அண்ணே சொன்ன ஒண்ணை அடிக்கோடு போடறேன்: சேறு காயறதுக்கு முன்னாடி. வந்த உடனே குளிக்கப் போயிட்டு ‘அப்புறம் கழுவலாம்’னா அந்த ‘அப்புறம்’ வராது. இரண்டு பேர் கழுவ, இரண்டு பேர் துடைக்க, இரண்டு பேர் எண்ணெய்ன்னு பிரிச்சுக்கிட்டா ஆறு வண்டியும் ஒரு மணி நேரத்தில் முடியும்.

உடம்புக்கும் சுருக்கமா: ஷூ உள்தகடை வெளியே எடுத்து, ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணிச்சு, இரண்டு மணி நேரத்தில் ஒருதடவை மாத்துங்க. ஹீட்டர் மேலே வைக்காதீங்க, பசை விட்டுப்போகும். கால் குளிருதுன்னு இரண்டு சாக்ஸ் திணிச்சா ஷூ இறுகி ரத்த ஓட்டம் குறையும், இன்னும்தான் குளிரும். கம்பளி சாக்ஸ் ஒண்ணு போதும். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி, மதியம் மாத்த.

#12 கிளிக்_எண்ணி

மின்னணு கியரும் மின்சைக்கிளும் வைத்திருப்பவர்களுக்கு. லித்தியம் பேட்டரியின் திறன் குளிரில் தற்காலிகமாகக் குறையும், சூடானால் திரும்பும். குளிர்ந்த பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்வதுதான் நிரந்தரக் கேடு, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரியைக் கழற்றி அறைக்குள் கொண்டுவந்து ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுப் பிறகு சார்ஜில் போடுங்கள். காலையில் கிளம்பும் வரை உள்ளேயே இருக்கட்டும். மாட்டும் முன் தொடுமுனைகள் காய்ந்திருக்கிறதா பாருங்கள்.

பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரின் பேட்டரிக்கு உதிரி ஒன்று உள்சட்டைப் பையில். ஹேண்டில்பாரில் உள்ள ஸ்ராம் ஷிஃப்டரில் இருப்பது சிஆர்2032 காசு பேட்டரி, அதையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டீரெய்லர் உயிரோடு இருக்க ஷிஃப்டர் செத்துப்போவதும் உண்டு. விளக்கு பேட்டரிக்கும் இதே விதி. பகல் குறைவு, கடைசி இறக்கத்தைச் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கப் பாருங்கள்.

#13 சரக்கறை

உதிரிப் பட்டியல். ஆளாளுக்கு எல்லாம் சுமக்க வேண்டாம். ஆளுக்கு ஒண்ணு: ட்யூப், டயர் லீவர், தன் வண்டிக்கான ஹேங்கர் (டீரெய்லரை ஃபிரேமில் மாட்டற துண்டு), தன் வண்டிக்கான பேட் ஒரு ஜோடி. கூட்டத்துக்குப் பொதுவா: டயர் பிளக் செட், கை பம்ப் இரண்டு, ஷாக் பம்ப், செயின் கருவி, குவிக்லிங்க் நாலு, வால்வு கோர் இரண்டு, டயர் கிழிசலுக்கு உள்ளே வைக்கக் கெட்டித் துண்டு, கேபிள் டை பத்து, டேப், டார்க்ஸ் 25 (நட்சத்திரத் தலைச் சாவி).

ஹேங்கரில் கவனம். ஸ்ராம் 2019இல் கொண்டுவந்த யூடிஹெச் என்கிற பொது ஹேங்கர் இப்போ நிறைய ஃபிரேமில் இருக்கு, ஒண்ணு எடுத்தா மூணு பேருக்கு ஆகும். அதோட போல்ட் எதிர்மரை. 8 மி.மீ. அலன் கீயைக் கடிகாரம் சுத்தற பக்கம் திருப்பினாத்தான் கழலும். தெரியாம இறுக்கிக்கிட்டே இருப்பாங்க. மாட்டும்போது 25 நியூட்டன் மீட்டர், கை அலன் கீயில் அது நல்ல அழுத்தம், வீட்டுக்கு வந்ததும் ரெஞ்சில் சரிபாருங்க. 

பம்புக்குப் பதிலா டயரை நிரப்பற கார்பன் டை ஆக்சைடு குப்பி பற்றி: 16 கிராம் குப்பி 29க்கு 2.4 டயரை வெறும் நிலையில் இருந்து சுமார் 20 பிஎஸ்ஐக்குத்தான் கொண்டுவரும், 25 கிராம்னா 30க்குப் பக்கம். வெறும் கையில் பிடிச்சா தோல் ஒட்டும், ஊசித்தலையே உறைஞ்சு சிக்கும். சீலன்ட் மேலே நேராப் பாய்ஞ்சா அது கட்டிதட்டலாம், வால்வைப் பக்கவாட்டில் வச்சுத் திறங்க. ட்யூப் ரப்பர் வழியா இந்த வாயு சீக்கிரம் கசியும், சாயங்காலம் அதை வெளியேத்திட்டுச் சாதாக் காற்று அடிச்சு வைங்க. காலையில் தட்டையாக் கிடக்கறதைப் பார்த்து இன்னொரு பஞ்சர்னு தேடறதுக்கு இதுதான் காரணம்.

#14 பட்டறைவாசல்

கூட்டத்தில் இருக்கற பட்டறைக்காரருக்கும் ஒண்ணு சொல்லணும். திங்கட்கிழமை ஆறு வண்டியும் ‘சும்மா ஒரு பார்வை பாருங்க’ன்னு வாசலில் நிக்கும். நண்பர்கள்னாலும் ஒவ்வொண்ணுக்கும் வேலைச்சீட்டு எழுதுங்க, இல்லைன்னா எது யாரோட பேட்னே தெரியாமப் போகும். முதலில் கீழ் ஹெட்செட் பேரிங்கைப் பாருங்க. முன்சக்கரம் இறைக்கற தண்ணி நேரா அங்கேதான் போகுது. 1.5 அங்குலக் கீழ்ப்பக்கத்துக்கு அடிக்கடி வர்றது 40க்கு 52க்கு 7 மி.மீ. (உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன்) அளவு. ஆனா கோணம் மாறும், பேரிங் மேலேயே எழுதியிருக்கும், படிச்சிட்டு எடுங்க. பிவட்டில் 6902ன்னு இருந்தா 15க்கு 28க்கு 7. பிவட்டுக்குக் கூண்டு இல்லாத, குண்டு நிறைச்ச வகை நல்லது. ஹப்புக்கு அது வேண்டாம், அது சுத்தற வேகத்துக்குச் செய்ததில்லை.

பேரிங், பேட், செயின் எல்லாம் தேய்மானப் பொருள். வாரண்டியில் கேட்டா பொதுவா வராது. அதை முன்னாடியே சொல்லிட்டா நட்பும் கெடாது.

#15 வழுக்குப்பாறை

கடைசியா ஒண்ணு அண்ணே. ஞாயிறு காலை பாதை நடுவில் ஃப்ரீஹப் பிடிக்காம வெறும் சுத்து சுத்தினா என்ன பண்றது?

#16 பட்டறைவாசல்

உள்ளே போன ஈரம் உறைஞ்சிருக்கும், இல்லைன்னா கிரீஸ் இறுகியிருக்கும். வெந்நீர் ஊத்தாதீங்க, அந்தத் தண்ணியும் அரை மணியில் உறையும். சக்கரத்தைக் கழற்றி ஹப்பை ஜாக்கெட்டுக்குள் பத்து நிமிஷம் அணைச்சு வச்சுக் கேசட்டை இரண்டு பக்கமும் சுத்திப் பாருங்க, டக்டக் சத்தம் திரும்பினா போதும். திரும்பலைன்னா கேபிள் டையால் கேசட்டின் பெரிய பல்சக்கரத்தை ஸ்போக்கோட நாலு இடத்தில், ஸ்போக் குறுக்குவெட்டும் இடம் பார்த்துக் கட்டுங்க. இனி பெடல் நிக்காது, சக்கரம் சுத்தினா பெடலும் சுத்தும். காலை நிறுத்தினா செயின் மேலே தொய்ஞ்சு டீரெய்லரை முன்னால் இழுத்து ஒடிக்கும். அதனால் சமதரையிலும் ஏற்றத்திலும் மட்டும் மெதுவா மிதிச்சுட்டு வாங்க. இறக்கத்தில் இறங்கி, டையை வெட்டிட்டு, உருட்டிட்டே வாங்க. அடுத்த ஏற்றத்துக்குக் கட்ட டை வேணுமில்லையா, அதுக்குத்தான் சரக்கறை பத்து எடுக்கச் சொன்னார்.